கல்லாற்றில் கேட்ட வெடி

கல்லாற்றங்கரையில் நின்றுகொண்டு கோபப்படுவது லேசான காரியமல்ல. பொன்முடி மலையிலிருந்து இறங்கி வரும் தண்ணீர் உருண்டைக் கற்களின் மேல் புரண்டு, சத்தம் போட்டு, வந்தவனை எப்படியாவது நல்ல மனிதனாக்கி அனுப்பப் பார்க்கும். செண்பகவல்லியிடம் அந்த ஆறு தோற்றுப்போனது. காலையில் திருவனந்தபுரம் கரமனையில் எந்த முகத்தோடு காரில் ஏறினாளோ, அதே முகத்தோடுதான் ரிசார்ட்டின் வரவேற்பறையில் நின்றாள்.

அவளுடைய உதவியாளன் மைதீன் மட்டும் நல்லவனாகிவிட்டிருந்தான். அதற்குக் காரணம் ஆறு அல்ல. பாலத்தடிக் கடையில் தின்ற பழம்பொரி, சுடச்சுட நேந்திரம்பழ பஜ்ஜி.

கம்பெனி வக்கீல்கள் என்று ஒரு வகை உண்டு. கோர்ட்டுப் படி ஏறாமல், கறுப்புக் கோட்டு கசங்காமல் பிழைப்பவர்கள். கம்பெனி தொடங்கி வைப்பார்கள், இரண்டு கம்பெனிக்குக் கல்யாணம் செய்து வைப்பார்கள், ஆகாதபோது பிரித்தும் வைப்பார்கள். அவர்களுக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் செண்பகவல்லிக்குப் போன் வரும். பதிவு அலுவலகம் என்று எழுதியிருக்கிற முகவரியில் அலுவலகம் இருக்கிறதா, ஆட்டுக்கொட்டில் இருக்கிறதா, கையெழுத்துப் போட்ட டைரக்டர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்வது அவள் தொழில். மைதீன் அவளுக்குக் கார் ஓட்டுவான், பேச்சுக் கொடுப்பான், திட்டு வாங்குவான். கம்பெனி செக்ரட்டரி தேர்வை எழுதி எழுதித் தோற்றவன் அவன். சட்டத்தில் பாதி தெரியும். எந்தப் பாதி என்பது கேட்கிறவரின் அதிர்ஷ்டம்.

இந்த முறை வேலை ஒரே ஒரு கேள்விதான். குறிப்பிட்ட அந்தத் திங்கட்கிழமை, கௌசல்யா என்கிற பெண்மணி கல்லாற்றில் இருந்தாளா இல்லையா?

இருந்தாள். ரிசார்ட் மேனேஜருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. விழிஞ்ஞத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிற அம்மா, மகளோடு வந்தார், காலை முழுக்கப் பாறைமேல் உட்கார்ந்து தண்ணீரில் கால் போட்டிருந்தார், மத்தியானம் தூங்கினார். போனில் பேசினாரா என்று கேட்டதற்கு, அறையில் ரேஞ்ச் கிடைக்காது, பாலத்துக்குப் போனால் கிடைக்கும், போனாரா என்று தனக்குத் தெரியாது என்றார்.

செண்பகவல்லி இன்னொன்றும் கேட்டாள். பக்கத்தில் பாறை உடைக்கிற குவாரி எங்கே இருக்கிறது?

மேனேஜர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டார். இது காட்டோரம், இங்கே தேங்காய் உடைத்தாலே வனத்துறைக்காரன் என்ன சத்தம் என்று வந்து நிற்பான் என்றார்.

காரில் ஏறியதும் மைதீன் சொன்னான்: "நம்ம ஜோலி தீர்ந்து அக்கா. அந்தம்மா இங்க இருந்தாங்க. ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதினா மதி, போதும். மிச்ச பேப்பர்ல நான் வேணும்னா ஒரு கவிதை எழுதுறேன்."

"அந்தச் சத்தம் என்னல?"

"எந்தச் சத்தம்?"

"மீட்டிங் ரெக்கார்டிங்ல 'தும்'னு கேக்குல்லா. வக்கீல்ட்ட கேட்டதுக்கு, கல்லாறு மலையில்லையா, குவாரியா இருக்கும்னார். குவாரியே இல்லாத ஊர்ல குவாரி எங்கெருந்து வந்து வெடிக்கி?"

"இடி?"

"அன்னைக்கு நல்ல வெயிலு. பேசாம வண்டிய விழிஞ்ஞத்துக்கு விடு."

விழிஞ்ஞம் என்றதும் மைதீன் திரும்பிப் பார்த்தான். கௌசல்யாவைப் போய்ப் பார்க்கத் தேவையில்லை, அந்தம்மா உணர்ச்சிவசப்படுவாள் என்று இந்த வேலையைக் கொடுத்த வக்கீல் பகவதிப்பெருமாள் பக்குவமாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தேவையில்லை என்று ஒருத்தர் சொன்ன இடத்துக்குப் போகாமல் செண்பகவல்லிக்குச் சோறு இறங்காது என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

விவகாரம் இதுதான். தென்கடல் ஐஸ் கம்பெனிக்கு இரண்டே டைரக்டர்கள். கௌசல்யா ஒன்று, செத்துப்போன அவள் கணவனின் அண்ணன் பத்மகுமார் மற்றொன்று. இரண்டு பேரும் கூடினால்தான் கூட்டம், இரண்டு பேரும் சரி என்றால்தான் தீர்மானம். புதுத் துறைமுகம் வந்த பிறகு அந்த ஐஸ் பிளான்ட் நிற்கிற நிலத்தைக் கன்டெய்னர் அடுக்குகிற கம்பெனி ஒன்று கேட்டது. பத்மகுமாருக்கு விற்க ஆசை. கௌசல்யாவுக்கு இல்லை. அந்தத் திங்கட்கிழமை வீடியோவில் போர்டு மீட்டிங் நடந்தது. பத்மகுமார் கழக்கூட்டத்து ஃபிளாட்டிலிருந்து பேசினார், கம்பெனி வக்கீலான பகவதிப்பெருமாள் வஞ்சியூரில் தன் அலுவலகத்திலிருந்து கூட்டத்தை நடத்தினார், கௌசல்யா கல்லாற்றிலிருந்து சேர்ந்துகொண்டு விற்கச் சம்மதித்தாள்.

அதாவது, ரெக்கார்டிங் அப்படிச் சொன்னது. கௌசல்யாவோ, மீட்டிங் என்றே ஒன்று தனக்குத் தெரியாது என்றாள். விடிந்தால் பத்திரப் பதிவு. நிலத்தை வாங்குகிறவர்களுக்கு இந்த மறுப்பு எட்டிவிட்டதால், வெளியாள் ஒருத்தர் விசாரித்துச் சொல்லட்டும், அதன் பிறகுதான் பதிவு என்று நின்றார்கள். இன்று சாயங்காலம் செண்பகவல்லியின் ரிப்போர்ட்டை வாங்கிக்கொள்ள அவர்களுடைய ஆள் வக்கீல் அலுவலகத்துக்கு வருகிறார். கல்லாற்றில் இருந்தாள் என்கிற அந்த ஒரு வரி கௌசல்யாவின் ஐஸ் பிளான்டைத் தின்றுவிடும்.

ஐஸ் பிளான்டில் கட்டிகளை நொறுக்குகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மீன் பெட்டிகள், வழுக்குகிற தரை, தூரத்தில் வானத்தைக் குத்திக்கொண்டு துறைமுகத்துக் கிரேன்கள். கௌசல்யா ரப்பர் பூட்ஸ் போட்டு, சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். வந்தவர்கள் வக்கீல் அனுப்பிய ஆட்கள் என்று தெரிந்ததும் கையிலிருந்த கொக்கியைக் கீழே வைக்கவில்லை.

"வாங்க. நிலம் போச்சு. இனி எதை எடுத்துட்டுப் போக வந்திய? மெஷினையா, என்னையா?"

மைதீன் அவசரமாக, தான் வெறும் டிரைவர் என்றான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அந்தப் பதவியும் போயிற்று.

செண்பகவல்லி சுற்றி வளைக்காமல் கல்லாறு பற்றிக் கேட்டாள். கௌசல்யா மறைக்கவில்லை. ஆமாம், போயிருந்தாள். அனுப்பி வைத்ததே வக்கீல்தான். அவள் புருஷன் போன பிறகு ஒருநாள்கூட அவள் ஓய்வாக உட்கார்ந்ததில்லை என்று உருகி, ரூம் எல்லாம் அவரே ஏற்பாடு செய்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள் என்றாராம். நல்ல மனிதர் என்று அவளும் கண்கலங்கிப் போய் வந்தாளாம். அதைச் சொல்லும்போது அவள் முகம் கோணியது. ஏமாந்ததைவிட, கண்கலங்கியதற்காகத்தான் அவளுக்கு அதிக ஆத்திரம் என்று மைதீனுக்குத் தோன்றியது.

மீட்டிங்குக்கான நோட்டீஸ் ஈமெயிலில் வந்திருக்குமே என்றாள் செண்பகவல்லி.

"எனக்க ஈமெயிலு அவரு ஆபீஸ்லயாக்கும் இருக்கு. பாஸ்வேர்டும் அங்கதான். டிஜிட்டல் கையெழுத்துன்னு ஒரு குச்சி உண்டுல்லா, அதுவும் அவரு மேசை டிராயர்ல. கம்பெனி சட்டம் எனக்குத் தெரியாது, ஐஸ்தான் தெரியும். அதுக்குத்தான வக்கீல் வச்சது?"

மைதீன் தலையைக் குனிந்துகொண்டான். இந்த ஊரில் பாதி டைரக்டர்களின் கையெழுத்து இப்படித்தான் வக்கீல்களின் டிராயரில், பேர் எழுதிய பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று உரசிக் கிடக்கிறது. வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பதற்கு முன்னால் நாலு தடவை யோசிக்கிறவர்கள், கம்பெனியையே தூக்கி வக்கீலிடம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவார்கள்.

செண்பகவல்லி போனில் ரெக்கார்டிங்கைப் போட்டாள். மூன்று கட்டங்கள். பத்மகுமார் முகம், வக்கீல் முகம். மூன்றாவதில் முகம் இல்லை, கௌசல்யா என்ற பெயர் மட்டும். ரேஞ்ச் குறைவு, அதனால் கேமரா இல்லை. வீடியோவில் கூடினால் ஒவ்வொரு டைரக்டரும் தன் பெயரையும், இருக்கிற இடத்தையும், கூட வேறு யாருமில்லை என்பதையும் வாயால் சொல்ல வேண்டும். சட்டம் அது, பள்ளிக்கூடத்து 'உள்ளேன் ஐயா' மாதிரி. கறகறத்த பெண்குரல் ஒன்று அதைச் சொன்னது. பேர் கௌசல்யா, இருப்பது கல்லாறு, கூட யாருமில்லை. நாஞ்சில் நாட்டு இழுப்பும் இருந்தது. கொஞ்சம் தள்ளி, 'தும்'. பிறகு, "சம்மதம்."

கௌசல்யா இதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. அவள் கொக்கியை மரக்கட்டையில் குத்தி நிறுத்தினாள்.

"எவளோ ஒருத்தி எம்பேரைச் சொல்லுகா. கூட யாருமில்லையாம். அது மட்டும் உண்மை. எனக்குக் கூட யாரும் இல்லைல்லா."

மைதீன்தான், பேசாமல் இருக்கப் பழகாதவன், இன்னொரு தடவை போடச் சொன்னான். அவன் திருவனந்தபுரத்து மணக்காட்டில் பிறந்து வளர்ந்தவன். தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகத்திலிருந்த பழம்பொரியின் நல்லகுணம் காணாமல் போயிற்று.

"அக்கா, 'தும்'முக்கு முன்னாடி ஒரு முனகல் இருக்கு. பின்னாடி காக்கா கத்துது. குவாரிக்காரன் எவனாவது மைக்ல அறிவிச்சுட்டுப் பாறை உடைப்பானா? இது வெடி வழிபாடு அக்கா."

திருவனந்தபுரத்தில் இருக்கிறவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோயிலில் சீட்டு வாங்கி, பெயரும் நட்சத்திரமும் சொன்னால், மைக்கில் அதை வாசித்துவிட்டு கதினா என்கிற இரும்புக் குழாயில் வெடி போடுவார்கள். பக்தனின் பெயர் வானத்தில் ஒருமுறை அதிர்ந்து அடங்கும். காகங்கள் எழுந்து பறந்து, திட்டிவிட்டுத் திரும்ப உட்காரும். நாள் முழுக்க நடக்கும். ஊரின் காது அதற்குப் பழகிப் பழகி மரத்துவிட்டது. அதனால்தான் இத்தனை பேர் இத்தனை தடவை அந்த ரெக்கார்டிங்கைக் கேட்டும் ஒருவருக்கும் கேட்கவில்லை.

கௌசல்யா உள்ளே பார்த்து ஒரு சத்தம் போட்டாள். மெஷின் நின்றது. மீன் ஏலத்துக்கு வைத்திருந்த ஒலிபெருக்கியில் போனை இணைத்தான் மைதீன். முனகல் இப்போது குரலாயிற்று. தூக்கம் வழிகிற குரல்.

"...சல்யா, பூராடம், வலிய வெடி ஒண்ணு."

தும். காகங்கள்.

கௌசல்யாவின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. பூராடம் அவள் நட்சத்திரம்.

நீங்கள் வைத்த வெடியா என்று செண்பகவல்லி கேட்டாள். புருஷன் போன பிறகு எந்தக் கோயில் வாசலையும் மிதித்ததில்லை, தெய்வத்தோடு தனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது என்றாள் அவள். அப்படியானால் உங்கள் நட்சத்திரம் யாருக்குத் தெரியும்?

"அந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். வக்கீலு முதல்ல நட்சத்திரம் கேப்பாரு, பொறவுதான் கம்பெனி பேரு கேப்பாரு. பொறந்த நட்சத்திரத்துக்குப் போன் பண்ணி வாழ்த்துவாரு. அத்தனை பக்தி."

வக்கீல் அலுவலகத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு தேவி கோயில் இருக்கிறது. செண்பகவல்லி அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து எத்தனையோ தடவை டீ குடித்திருக்கிறாள். ஒவ்வொரு வெடிக்கும் மேசைக் கண்ணாடி அதிரும். அவள் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. வஞ்சியூர் போகிற வழி முழுக்க அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள். மைதீனுக்கு அது புது அனுபவம். அந்தத் திட்டெல்லாம் வழக்கமாக அவன் கணக்கில் வருவது.

பகவதிப்பெருமாள் நெற்றியில் சந்தனமும் வாயில் தேனுமாக இருந்தார். எதிரே, நிலம் வாங்குகிற கம்பெனியின் ஆள் அஜீஷ், மடியில் லேப்டாப் பையை வைத்துக்கொண்டு, ஏழு மணி ரயிலைப் பிடிக்க வேண்டியவனின் அவசரத்தோடு உட்கார்ந்திருந்தான். வக்கீல் செண்பகவல்லியை அவனுக்கு அறிமுகம் செய்து வைத்தார். கல்லாறு வரை சென்று விசாரித்து வந்திருக்கிறார், மிக நேர்மையானவர் என்றார். ரிப்போர்ட்டை ரேஷ்மி டைப் செய்து வைத்திருக்கிறாள், கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

"கௌசல்யாம்மா கல்லாத்துல இருந்தாங்க," என்றாள் செண்பகவல்லி. வக்கீல் அஜீஷைப் பார்த்துச் சிரித்தார். "ஆனா மீட்டிங்ல பேசின பொம்பள கல்லாத்துல இல்ல. உங்க ஆபீஸ்ல இருந்தா."

அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. அவள் வெடியைப் போட்டுக் காட்டினாள். காட்டோரத்தில் குவாரி இல்லை, கோயில் மைக்கும் இல்லை. இந்தச் சத்தம் இந்தப் பின்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அஜீஷ் பையை மடியிலிருந்து இறக்கி வைத்தான்.

பகவதிப்பெருமாள் முழுவதும் கேட்டார். பிறகு, வகுப்பில் பின்வரிசைப் பையனுக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"கோயில் இங்கதான். சத்தமும் இங்கத்ததுதான். குவாரின்னு நான் சொன்னது கவனப்பிசகு. ஆனா மீட்டிங்ல என்னோட மைக்கும் ஆன்ல இருந்துதே அம்மா. நான் இந்த ரூம்ல இருந்து பேசினேன். அந்த வெடி என் மைக்ல கேட்டிருக்கு. அதுக்கும் கௌசல்யாம்மாவுக்கும் எந்தா பந்தம்?"

தேர்வு முடிவில் தன் நம்பரைத் தேடும்போது வருகிற உணர்வு மைதீனுக்கு வந்தது, நன்றாகப் பழக்கமானது. மூன்று மைக். அதை யோசிக்காமல் விழிஞ்ஞத்திலிருந்து கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள். அஜீஷ் பையை மறுபடி மடிக்கு எடுத்துக்கொண்டான். வக்கீல் உள்பக்கம் பார்த்து ரேஷ்மியைக் கூப்பிட்டு, ரிப்போர்ட்டைக் கொண்டு வரச் சொன்னார்.

தோற்றுவிட்டோம் என்று தெரிந்த பிறகு மைதீனுக்கு எப்போதும் ஒரு தைரியம் வரும். இழக்க ஒன்றுமில்லாதவனின் தைரியம். அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தப் பெண் ரப்பர் பூட்ஸோடு ஐஸில் நிற்கிறாள். இவர் சந்தனத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

"இருக்கட்டும் சாரே. ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்றான். "ஒருத்தியோட சொத்தையும் எடுத்துட்டு, அவ பேர்லயே, பூராடம்னு நட்சத்திரமும் சொல்லி, வெடியும் வெச்சீங்களே, அது என்ன கணக்கு? பாவத்துக்கு டிஸ்கவுன்ட் உண்டா?"

"எடோ, நான் எதுக்கு அவ பேர்ல வெடி வைக்கணும்?" வக்கீல் உண்மையிலேயே சிரித்தார். "நான் வெச்சா என் பேர்ல..."

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் பொய் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அப்படியானால், அந்தக் கூட்டம் நடந்துகொண்டிருந்த அதே நேரத்தில், இந்தச் சுவருக்குப் பின்னால், கௌசல்யா, பூராடம் என்று சீட்டு வாங்கியது யார்?

ரேஷ்மி வாசலில் நின்றாள். சேர்ந்து அதிக நாளாகாத ஜூனியர், முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, கையில் அந்த ரிப்போர்ட்.

"ஞான்தான் சாரே," என்றாள். "மீட்டிங்குக்கு முன்னாடியே வெடி போட்டுடுவாங்கன்னு நினைச்சேன். கோயில்ல கூட்டம். நான் பேசிட்டிருக்கும்போது போட்டுட்டாங்க."

பகவதிப்பெருமாள் எழுந்தார். இத்தனை வருஷத்தில் அவரைக் கோபத்தில் யாரும் பார்த்ததில்லை. கோபம் அவரிடம் பயன்படுத்தாத பாத்திரம் மாதிரி பளபளவென்று இருந்தது.

"ஜன்னலை மூடிட்டு அவ பேர்ல ரெண்டு வாக்கு பேசத்தானே உன்கிட்ட சொன்னேன்? வெடி வைக்கச் சொன்னேனா?"

பின்பக்கத்துக் கோயில் மைக்கில் யாரோ ஒருவரின் பெயரும் நட்சத்திரமும் வந்தது. வெடி அதிர்ந்தது. இந்த முறை அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்டது.

வக்கீல் உட்கார்ந்தார். தான் சொன்னதை வார்த்தை வார்த்தையாகத் திரும்பப் பொறுக்கப் பார்க்கிறவர் போல மேசையைத் தடவினார். ஜூனியர்கள் எதையாவது தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்று அஜீஷிடம் ஏதோ தொடங்கினார். அஜீஷ் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். பயந்த சுபாவக்காரன், குரலும் உயரவில்லை.

"நான் கேட்டுட்டேன் சாரே. கேக்காம இருந்தா நல்லா இருந்திருக்கும். இனி நாளைக்கு ரெஜிஸ்ட்ரேஷன் நடக்காது."

அவன் போன பிறகு செண்பகவல்லி ரேஷ்மியின் கையிலிருந்த ரிப்போர்ட்டை வாங்கி, கிழிக்காமல், மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். நீங்கள் கௌசல்யாவுக்கு வக்கீலா, பத்மகுமாருக்கு வக்கீலா என்று அவரைக் கேட்டாள்.

"கம்பெனிக்கு வக்கீல்," என்றார் அவர். பழக்கத்தில் வந்த பதில்.

"அந்தக் கம்பெனிக்கு ஐஸ் அடிக்கிறது யாரு வே?"

கேட்டுவிட்டு, ரேஷ்மியைக் கையோடு கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

காரில் பின்சீட்டில் உட்கார்ந்து ரேஷ்மி அழுதாள். கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். கௌசல்யாம்மா ஏற்கெனவே சம்மதித்துவிட்டார், ரேஞ்ச் இல்லாததால் பார்மாலிட்டிக்கு ஒருத்தர் பேசினால் போதும் என்றுதான் வக்கீல் முதலில் சொன்னாராம். அப்படியில்லை என்பது கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது. வேலையை விடத் தைரியமில்லை. கௌசல்யாவுக்குப் போன் செய்யவும் தைரியமில்லை. கோயிலுக்கு ஓடினாள். தேவியிடம் மட்டும் சொன்னாள்.

மைதீனின் மனசு அந்த இடத்தில் பொசுக்கென்று இளகிவிட்டது. கண்ணாடியில் அவளைப் பார்த்து, பரவாயில்லை, நான் எழுதின தேர்வுகளைக் கேட்டால் நீ சிரித்துவிடுவாய் என்று ஏதோ உளறினான். செண்பகவல்லி இளகவில்லை.

"தேவிக்கு அந்தக் கம்பெனியில ஷேர் கிடையாது. ஷேர் இருக்கவங்ககிட்ட சொல்லணும். அழுகைய நிப்பாட்டு. அங்க போய் அழுதா அந்தம்மா உன்னை ஐஸோட ஐஸா நொறுக்கிருவா."

விழிஞ்ஞத்தில் வெயில் தாழ்ந்திருந்தது. படகுகளுக்கு ஐஸ் ஏற்றி முடித்து, கௌசல்யா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் செண்பகவல்லி சொன்னாள். பதிவு நின்றுவிட்டது என்றதும் கௌசல்யா கண்ணை மூடினாள். அவ்வளவுதான். திறந்தபோது பார்வை ரேஷ்மியின் மேல் இருந்தது.

ரேஷ்மி மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னாள். கொச்சியில் கம்பெனி டிரிபியூனல் இருக்கிறது, அங்கே பேசியது நான்தான் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுப்பேன், என் வேலை போனாலும் சரி, என் பட்டமே போனாலும் சரி.

"அதெல்லாம் பொறவு," என்றாள் கௌசல்யா. "அன்னைக்கு எங்குரல்ல பேசினியே. இப்பப் பேசு. எம் முன்னால நின்னு பேசு. விக்கதுக்கு சம்மதமில்லன்னு சொல்லு. எனக்குக் கேக்கணும்."

மைதீனுக்கு அங்கிருந்து போய்விடலாம் போல இருந்தது. செண்பகவல்லி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

ரேஷ்மி வாயைத் திறந்தாள். அந்த இழுப்பு வந்தது, கறகறப்பும் வந்தது, பாதி வார்த்தையில் உடைந்துபோயிற்று. மறுபடி முயன்றாள். வரவில்லை. மூன்றாவது முறை வந்தது அவளுடைய சொந்தக் குரல், மெலிசாக, பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல்போல.

"சம்மதமில்ல."

"உரக்க."

"சம்மதமில்ல அம்மா. விக்கிறதுக்கு சம்மதமில்ல."

வாசலில் நின்ற ஐஸ் வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கௌசல்யாவின் தாடை அசைந்துகொண்டிருந்தது. கோபம் இன்னும் அதன் இடத்தில்தான் இருந்தது, அவசரமாக எங்கும் போகிற மாதிரி தெரியவில்லை.

"இப்பத்தான் சரியாப் பேசியிருக்கே," என்றாள்.

பிறகு, பக்கத்தில் கிடந்த இன்னொரு நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டாள். உட்கார் என்று மட்டும் சொல்லவில்லை.